கேளுங்க, சொல்றேன்: தம்பி லெசோதோ போறான்

கேள்வி (கூடலூர் வாசகி, தேனி மாவட்டம்): அண்ணே, என் தம்பிக்கு ஆப்பிரிக்காவுல லெசோதோன்னு ஒரு நாட்டுல ஜீன்ஸ் தைக்கிற ஃபேக்டரியில சூப்பர்வைசர் வேலை வந்துருக்கு. மேப்புல பாத்தா சவுத் ஆப்பிரிக்கா நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு. அங்க காசு, பொழப்பு, பழக்கவழக்கம்லாம் எப்படி?

பதில்: தங்கச்சி, ஓட்டைன்னு சரியாத்தான் சொல்லிருக்க, நாலு பக்கமும் சவுத் ஆப்பிரிக்காதான். எழுதுறது லெசோதோ, ஊர்க்காரங்க வாயில லெசூட்டு.

காசு பேரு லோட்டி, ஒண்ணுக்கு மேல போனா மலோட்டி. ஒரு லோட்டி சவுத் ஆப்பிரிக்கா காசு ஒரு ராண்டுக்கு சமம், ராண்டும் அங்க செல்லும், ஆனா மலோட்டிய சவுத் ஆப்பிரிக்கா கடையில நீட்டுனா வாங்க மாட்டாங்க. என் மச்சான் ஒருத்தர் திரும்பி வர்றப்ப பை நெறய மலோட்டியோட ஜோஹன்னஸ்பர்க்ல எறங்கி ஒரு டீ குடிக்க வழியில்லாம நின்னாரு. தம்பிய பார்டர் தாண்டுறதுக்கு முன்னாடியே ராண்டா மாத்தச் சொல்லு.

அந்த நாட்டோட பெரிய சரக்கு தண்ணி. இத நம்ம பள்ளத்தாக்கு ஆளுக்கு வெளக்கவே வேணாம். பெரியாறு ஒப்பந்தம் 1886 அக்டோபர், 999 வருஷம், ஏக்கருக்கு அஞ்சு ரூபா குத்தகை, 1970ல அது 30 ரூபா ஆச்சு. சரியா நூறு வருஷம் கழிச்சு 1986 அக்டோபர்ல லெசோதோ கையெழுத்து போட்டுச்சு, கட்சேன்னு 185 மீட்டர் உயரத்துல அணை கட்டி மலைக்குள்ள சுரங்கம் போட்டு சவுத் ஆப்பிரிக்காவுக்குத் தண்ணி அனுப்புறாங்க. நம்மது நிலத்துக்குக் குத்தகை, அவங்களது தண்ணிக்கே ராயல்டி, அதாவது வேற வழியில தண்ணி கொண்டுபோனா சவுத் ஆப்பிரிக்காவுக்கு எவ்ளோ கூடுதலா செலவாகும்னு கணக்குப் போட்டு, அந்த மிச்சத்துல 56 சதவீதம் லெசோதோவுக்கு. நான் தண்ணி வாங்குற பக்கம் உக்காந்துருக்கவன், இருந்தாலும் சொல்றேன், கெட்டிக்காரக் கணக்கு. ஆனா அதே வருஷம் ஜனவரியில சவுத் ஆப்பிரிக்கா பார்டர அடைச்சு, உள்ள ராணுவம் ஆட்சியப் புடிச்சு, அதுக்கப்புறம்தான் இந்தக் கையெழுத்து. 2011 டிசம்பர்ல பெரியாறு அணைத் தகராறுல குமுளி ரோடு அடைச்சுக் கெடந்தப்ப நம்ம பட்ட பாடு நெனப்பிருக்குல்ல, நமக்காவது இந்தப் பக்கம் மதுரை இருந்துச்சு, அவங்களுக்கு எந்தப் பக்கம் திரும்புனாலும் அதே கேட்டுதான்.

ஃபேக்டரி விஷயத்துல கொஞ்சம் உஷாரா இருங்க. மசேரு, மபுட்சோ பக்கம் இருக்கறதுல நெறய தைவான், சீனாக்காரங்களோடது, அமெரிக்காவுக்கு வரியில்லாம போய்ட்டிருந்த துணி. 2025 ஏப்ரல்ல ட்ரம்ப் 50 சதவீதம் வரின்னு அறிவிச்சாரு, ஆகஸ்ட்ல 15க்கு எறங்குச்சு, அதுக்குள்ளயே ஆர்டர் நின்னு பல பேருக்கு வேலை போச்சு. இந்த கம்பெனி யாருக்குத் தைக்குது, அமெரிக்காவுக்கா சவுத் ஆப்பிரிக்காவுக்கான்னு முதல்ல கேக்கச் சொல்லு, சம்பளம் அப்புறம்.

பழக்கத்துக்கு வரேன். லைன்ல நெறய பேர் பொம்பளைங்க. காலையில நேரா போய் "எத்தன பீஸ் ஆச்சு"ன்னு கேட்டா மொகம் மாறிரும். மொதல்ல "லுமேலா". வயசு மூத்த ஆம்பளையா இருந்தா "ந்தாத்தே", பொம்பளைன்னா "ம்மே", நம்ம குமுளிக்கு அந்தாண்ட "அம்மே"ன்னு கூப்புடுற மாதிரியே காதுல விழும். நல்லாருக்கீங்களான்னு கேட்டு, பதில் வர்ற வரைக்கும் நிக்கணும், நடந்துக்கிட்டே கேக்கக் கூடாது. எதையும் வாங்குறப்ப ரெண்டு கையாலயும் வாங்கணும்.

ஜூன், ஜூலைல பனி கொட்டும், நாட்டோட பள்ளமான எடமே 1,400 மீட்டருக்கு கிட்ட. ஸ்வெட்டர் பத்தாது, ஊர்க்காரங்க மாதிரி கம்பளி வாங்கிக்கிடட்டும், கல்யாணம் காட்சிக்கும் அதையே போத்திட்டுப் போவாங்க.

கேள்வி (போடி வாசகர்): அங்கயும் சீட்டு உண்டாண்ணே?

பதில்: உண்டு, அதுலயும் சாவுக்குன்னே தனிச் சங்கம் இருக்கு. மாசாமாசம் கட்டணும், வீட்டுல ஒரு சாவு விழுந்தா பெட்டி, சாப்பாட்டுச் செலவுக்கு அதுலருந்து எடுப்பாங்க. தவணை தவறுனா என்ன பேச்சு வாங்கணும்கறத உங்க தெரு சீட்டுக்கார அக்காகிட்டயே கேட்டுக்கங்க.