மணல் பை கட்டிக் குதித்தால் ஜம்ப் கூடுமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பள்ளி வாலிபால் அணியில் அட்டாக்கர். மைதானத்துக்கு வரும் ஒருவர் சொன்னார் என்று கணுக்காலில் மணல் பை கட்டி தினமும் 300 தடவை குதிக்கிறான். இப்போது முட்டிக்குக் கீழே வலிக்கிறது. அவரே பவுடரும் ஊசியும் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். தொடரலாமா?

பதில்: மணல் பையை இன்றே அவிழ்த்துவிடுங்கள். ஜம்ப் கணுக்காலிலிருந்து மட்டும் வருவதில்லை. இடுப்பும் தொடையும் தரையை எவ்வளவு வேகமாகத் தள்ளுகின்றன என்பதுதான் முக்கியம். காலில் எடை ஏறினால் அந்த வேகம் குறையும், முட்டிக்கு இழுப்பு கூடும்.

வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். முட்டிச் சில்லுக்கு இரண்டு விரல் கீழே ஒரு எலும்பு மேடு இருக்கும். அதைத் தொட்டதும் துடித்தால், பெரும்பாலும் வளரும் வயதில் வருகிற வலிதான். தொடைத் தசையின் நாண் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. இந்த வயதில் அந்த எலும்பு இன்னும் முற்றியிருக்காது. ஒவ்வொரு குதிப்பும் அதைப் பிடித்து இழுக்கும். வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். மேடு கொஞ்சம் புடைப்பாகவே தங்கலாம், பயம் வேண்டாம். ஆட்டத்தை அடியோடு நிறுத்தவும் தேவையில்லை. ஆனால் நொண்டினாலோ, முட்டி வீங்கினாலோ, இரவில் வலித்து விழித்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலி குறையும் வரை குதிப்பு வேண்டாம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்வது போல, வலிக்காத அளவுக்குத் தாழ்ந்து 45 விநாடி நிற்கட்டும், ஐந்து முறை. அப்புறம் மெதுவாக ஸ்குவாட். குதிப்பு கடைசியில்தான்: வாரம் இரண்டு நாள், நாளுக்கு 50, 60 போதும். இறங்கும்போது 'தொம்' என்று சத்தம் வரக்கூடாது, முட்டிகள் உள்பக்கம் சாயக்கூடாது.

பவுடர், ஊசி இரண்டும் வேண்டவே வேண்டாம். டப்பாவில் எழுதாத ஊக்கமருந்து கலந்த பவுடர்கள் எத்தனையோ பிடிபட்டிருக்கின்றன. சோதனையில் சிக்கினால் 'எனக்குத் தெரியாது' என்பது எடுபடாது. உடம்பில் இருந்ததற்கு ஆடியவனே பொறுப்பு. முட்டை, பருப்பு, கடலை, நல்ல தூக்கம் போதும்.

இந்த ஆட்கள் நுழைய இடம் கொடுத்தது யார்? பி.டி. பீரியடைக் கணக்கு வகுப்பு எடுத்துக்கொள்கிறது. போட்டிக்கு ஒரு வாரம் முன்பு அணியைக் கூட்டி, ஒரே நாளில் மூன்று மேட்ச் ஆடவைக்கிறார்கள். வருடம் முழுக்க உடலைத் தயார்செய்ய ஒருவரும் இல்லை. பிள்ளைகளின் முட்டிதான் இதற்கு விலை.

பி.டி. சாரிடம் பேசி, கொஞ்ச நாள் மகனை லிபரோவாக, அதாவது பின்வரிசையில் பந்தை எடுத்துக்கொடுப்பவனாக, ஆடவிடச் சொல்லுங்கள். லிபரோ பிளாக் ஏறவோ (வலையருகே குதித்து எதிரணியின் அடியைத் தடுப்பது), வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடிக்கவோ விதியே அனுமதிப்பதில்லை; அதனால் குதிப்பு குறையும். முட்டியைத் தரையில் ஊன்ற வேண்டிவரும், அதனால் நீ-பேட் (முட்டி உறை) கட்டாயம்.