தலைமையகம் நிறுத்தச் சொன்னால், சென்னையிலும் நிறுத்த வேண்டுமா?

கேள்வி: ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கிளையில் எச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் கிளையில் சுமார் 400 பேர். போன மாதம் தலைமையகத்திலிருந்து மெயில் வந்தது. 'டி.இ.ஐ.' (டைவர்சிட்டி, ஈக்விட்டி, இன்க்ளூஷன்; அதாவது எல்லாப் பிரிவினருக்கும் இடமும் சம வாய்ப்பும் தருவது) என்ற தலைப்பில் உள்ள எல்லாத் திட்டங்களையும் நிறுத்துங்கள், இணையதளத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள், இனி பட்ஜெட் கிடையாது என்று. பெண்கள் குழு, குழந்தைக்காக வேலையை விட்ட பெண்களைத் திரும்ப எடுக்கும் திட்டம், மாற்றுத்திறனாளிகள் தொடர்பான வேலைகள் எல்லாம் எங்களிடம் அந்தத் தலைப்பில்தான் இருக்கின்றன. டெஸ்டிங் டீமில் காது கேளாத இளைஞர் ஒருவர் இருக்கிறார். திங்கட்கிழமை மீட்டிங்குக்கு வரும் சைகை மொழிபெயர்ப்பாளரின் பில்லும் அதே பட்ஜெட்தான். "அதையும் நிறுத்திவிடு" என்கிறார் மேனேஜர். அந்தப் பையனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நான் என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

சகோதரி, முதலில் மொழிபெயர்ப்பாளரை நிறுத்தாதீர்கள். வேறு எதையும் முடிவு செய்வதற்கு முன்னால், அந்தப் பில்லை வேறு ஒரு கணக்குத் தலைப்புக்கு மாற்றிவிடுங்கள். வசதிப் பராமரிப்பு, பயிற்சி, எதுவாக இருந்தாலும் சரி. அது 'டைவர்சிட்டி' செலவே இல்லை. ஓர் ஊழியர் தன் வேலையைச் செய்வதற்கு ஆகும் செலவு. மற்றவருக்கு மானிட்டர் வாங்கித் தருகிறோமே, அதுபோலத்தான்.

"ஆட்டோ கேப்ஷன் இருக்கிறதே" என்று மேனேஜர் சொல்லக்கூடும். நம் ஊர் டீம் மீட்டிங் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், நடுவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். திரையில் ஓடும் வரிகளைப் படித்து யாராலும் அதைப் புரிந்துகொள்ள முடியாது. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, ஒரு நொடி தாமதமாக, காரணம் தெரியாமலே சிரிக்கும் ஒருவரை நான் ஒரு மீட்டிங்கில் பார்த்திருக்கிறேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் பாகுபாடு என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று அந்த வரையறையே சொல்கிறது. 21-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தனியார் நிறுவனம், என்னென்ன உதவிக் கருவிகளும் வசதிகளும் தருகிறது, தொடர்பு அலுவலர் யார் என்பதையெல்லாம் அதில் எழுத வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டின் விதிகள். கொள்கையின் நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். கொள்கையை முடிந்தவரை இணையதளத்தில், இல்லாவிட்டால் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்கச் சொல்வதும் அதே விதிகள்தான். ஆகவே தலைமையகம் எடுக்கச் சொன்ன பக்கத்தில் இந்தக் கொள்கையும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், பக்கத்தை எடுக்கலாம், கொள்கையை மட்டும் வேறு பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். சட்டத்தை முதல் முறை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை போகும்.

சரி, தலைமையகம் ஏன் இப்படிப் பதறுகிறது? பயம் புரிந்தால்தான் பதில் எழுத முடியும்.

அமெரிக்க அரசிடம் ஒப்பந்த வேலை எடுக்கும் நிறுவனங்கள், ஆள் எடுப்பதில் சமவாய்ப்புக்காகத் தாமே முன்வந்து முயற்சி எடுக்க வேண்டும் என்று 1965-ல் அதிபர் ஜான்சன் ஓர் ஆணை போட்டார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அதை வைத்தே அங்கே எச்.ஆர். துறைகள் இயங்கின. 2025 ஜனவரி 21-ல் அதிபர் டிரம்ப் போட்ட ஆணை அதை ரத்து செய்தது. அதோடு, 'பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்களை மீறும் டி.இ.ஐ. திட்டம் எதுவும் எங்களிடம் இல்லை' என்று ஒப்பந்ததாரர் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. அது பொய்யென்றால் 1863-ல் உள்நாட்டுப் போர்க் காலத்தில் வந்த பொய்க்கோரிக்கைச் சட்டம் (அரசிடம் பொய் சொல்லிப் பணம் வாங்குவதற்கு எதிரானது) பாயலாம். அதில் இழப்பீடு மூன்று மடங்கு. இவ்வளவு பெரிய தொகை தலைக்கு மேல் தொங்கும்போது, அங்குள்ள வழக்கறிஞர்கள் எதையும் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக நிறுத்தச் சொல்கிறார்கள்.

ஆனால் வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டின் அமெரிக்க சிவில் உரிமைச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அதிபரின் ஆணையால் அதைத் தொடவும் முடியாது. அந்தச் சட்டம் வெளிநாட்டுக் கிளைகளில் அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான் பொருந்தும். உங்கள் கிளையில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்களுக்கு அது பொருந்தாது. இங்கே ஆள்வது இங்குள்ள சட்டம். இந்த ஒரு வரியை மட்டும் தலைமையக வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இனி உங்கள் மற்றத் திட்டங்கள். பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சியும் அந்தப் பட்ஜெட்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 10 பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார்க் குழு வேண்டும், விழிப்புணர்வுப் பயிற்சியும் அவ்வப்போது நடக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் சட்டம். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். திருநர்களுக்கான 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி புகார் அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் 'சட்டக் கடமைகள்' என்ற தலைப்புக்கு மாற்றுங்கள்.

பெண்களைத் திரும்ப எடுக்கும் திட்டத்தில் மட்டும் உங்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அது நல்ல திட்டம், ஆனால் 'பெண்களுக்கு மட்டும்' என்று விளம்பரம் செய்வது இங்கேயும் சிக்கல். 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஆள் எடுப்பில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுத்தது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் ஊதியத் தொகுப்புச் சட்டமோ பால் அடிப்படையில் பாகுபாடே கூடாது என்று பொதுவாகச் சொல்கிறது. பெண்களுக்கெனத் தனி ஏற்பாடு செய்ய அரசியலமைப்பு இடம் தருகிறதே என்பீர்கள். அந்த இடம் அரசுக்குத் தரப்பட்டது. ஆகவே 'குடும்பப் பொறுப்புக்காக ஓராண்டுக்கு மேல் வேலையை விட்டிருந்த எவரும் விண்ணப்பிக்கலாம்' என்று மாற்றிவிடுங்கள். வருபவர்களில் பெரும்பாலும் பெண்களாகத்தான் இருப்பார்கள். படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஓர் ஆணும் வரட்டுமே, அவருக்கும் கதவு திறந்திருப்பது நியாயம்தானே? பெண்கள் குழுவையும் அப்படியே எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும் என்று குழுக்களை மூடி வைப்பதைத்தான் 2025 மார்ச்சில் அமெரிக்காவின் சமவாய்ப்பு ஆணையம் ஆட்சேபித்தது. தலைமையகத்துக்கும் இந்த மாற்றம் நிம்மதி தரும்.

அப்புறம், மேனேஜர் வாயால் சொன்னதை வைத்து எதையும் நிறுத்தாதீர்கள். அன்றே அவருக்கு ஒரு மெயில் போடுங்கள். 'மொழிபெயர்ப்பாளரை நிறுத்தச் சொன்னீர்கள். 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி இது நம் கடமை என்று நினைக்கிறேன். சட்டப் பிரிவின் கருத்து வரும்வரை தொடர்கிறேன்' என்ற மூன்று வரி போதும். சண்டைக்கு நிற்கும் தொனி வேண்டாம். அந்த மெயில் உங்களையும் காப்பாற்றும், அவரையும் காப்பாற்றும்.

அந்த இளைஞரிடம் யாரும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அலுவலகத்தில் இப்படிப்பட்ட செய்தி எப்படியும் அவர் கண்ணில் பட்டிருக்கும். இந்தத் திங்கட்கிழமை மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் முன்னால், மொழிபெயர்ப்பாளரோடு போய் அவர் எதிரில் உட்காருங்கள். பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். மொழிபெயர்ப்பாளர் தொடர்ந்து வருவார் என்று சொல்லுங்கள். வேறு என்ன வேண்டும் என்றும் அவரிடமே கேளுங்கள்.