டிஸ்க் கோல்ஃபுக்கு நம்பகமான மிட்ரேஞ்ச் எது?

“பெங்களூரில் அல்டிமேட் (ஃபிரிஸ்பீ தட்டை வீசிப் பிடிக்கும் அணி விளையாட்டு) ஆடுகிறேன், டிஸ்க் கோல்ஃபுக்கு (தட்டை வீசிக் கூடையில் சேர்க்கும் ஆட்டம்) ஒரே ஒரு மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தர தூரத்துக்கான டிஸ்க், வாங்குவதானால் எது?” என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (Buzzz) என்ற டிஸ்க்குக்கு.

அது பறக்கும் விதத்தைச் சொல்லும் எண்கள் 5, 4, -1, 1. முதல் இரண்டும் வேகமும் மிதப்பும். மிட்ரேஞ்சுகளில் பெரிய வித்தியாசம் இராது. பார்க்க வேண்டியது கடைசி இரண்டைத்தான். வலது கைக்காரர் பேக்ஹேண்டில் வீசினால், -1 என்பது வேகத்தில் லேசாக வலப்பக்கம் சாய்வது. 1 என்பது வேகம் தணிந்ததும் இடப்பக்கம் இறங்குவது. இரண்டும் குறைவு என்பதால் கிட்டத்தட்ட நேராகவே போகும். எனவே கோணித்துக்கொண்டு போனால் பழி டிஸ்க் மேல் இல்லை, மணிக்கட்டின் மேல்!

எடை 175 கிராமுக்குப் பக்கத்தில் எடுங்கள்; அல்டிமேட் டிஸ்க்கும் அதே எடைதான். ஆனால் இது சின்னது, விளிம்பு கெட்டி. பழக்கதோஷத்தில் பாய்ந்து பிடிக்கப் போகாதீர்கள், விரல் போய்விடும்.

மலிவு பிளாஸ்டிக் மரத்திலும் பாறையிலும் அடிபட்டு, சீக்கிரமே வலப்பக்கம் புரள ஆரம்பிக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்து, டிஸ்கிராஃப்டின் நீடித்து உழைக்கும் இஸட் (Z) பிளாஸ்டிக்கிலேயே வாங்குங்கள்.

ஜூன், ஜூலைக் காற்றை எதிர்த்து வீச வேண்டியிருந்தால் மட்டும், வலப்பக்கம் எளிதில் சாயாத இன்னோவா நிறுவனத்தின் ராக்3 (5, 4, 0, 3). அது இரண்டாவதாக வாங்க வேண்டியது.