உப்பு மூட்டையும் சாக்கடல் சேறும்

அன்புள்ள ஐயா,

சாக்கடலின் அடிச்சேற்றில், காற்றே இல்லாத இடத்தில் பாக்டீரியா வாழ்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு மளிகைக் கடை. கல் உப்பு மூட்டை எத்தனை மாதம் கிடந்தாலும் ஒரு பூச்சி வைத்ததில்லை. அப்புறம் எப்படி? வீட்டு மாங்காய் ஊறுகாய் ஜாடியிலும் அது இருக்குமா என்று என் மகள் கேட்கிறாள்.

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

மூட்டையில் இருப்பது காய்ந்த உப்பு. தண்ணீர் இல்லாமல் எதுவும் வளராது, அவ்வளவுதான். சாக்கடலில் லிட்டருக்கு ஏறக்குறைய 340 கிராம் உப்பு. சாதாரணக் கடலில் 35. நம் ஊர் போர் தண்ணீரை உப்புத் தண்ணீர் என்று வைகிறோமே, இதன் முன்னால் அது இளநீர். உப்பு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் கரைவது குறையும். கரைந்த கொஞ்சத்தையும் மேலே வாழும் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். அடிச்சேற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. அங்கிருந்துதான் ஹாலோபாக்டீராய்ட்ஸ் ஹாலோபியஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1984இல் இஸ்ரேலிய நுண்ணுயிரியலாளர் அஹரோன் ஓரென் குழுவினர் விவரித்தார்கள். அதன் உறவுக்கார ஹாலனேரோபியம் அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரிச் சேற்றில் கிடைத்தது. அதைப் பற்றிய கட்டுரை 1983இலேயே வந்துவிட்டது.

மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டுத் துவளும் அல்லவா? செல்லுக்கும் அதே கதிதான். தப்பிக்க, உப்பில் வாழும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பீட்டைன் போன்ற, தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருட்களை உள்ளே சேர்த்து ஈடுகொடுக்கும். அதைத் தயாரிக்க ஆற்றல் நிறைய செலவாகும். ஆக்ஸிஜன் இல்லாமல் சர்க்கரையை நொதிக்கவைத்துப் பிழைப்பவற்றுக்கு வரும்படியே குறைவு, கட்டுப்படியாகாது. ஆகவே ஹாலனேரோபியம் வகையறா உப்பையே உள்ளே விட்டுக்கொள்கிறது, முக்கியமாகப் பொட்டாசியம் உப்பை. அதன் நொதிகளும் அந்த உப்பிலேயே வேலை பார்க்கப் பழகியவை. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்ததே இந்தச் சிக்கனக் கணக்குதான்.

சரி, ஊறுகாய். ஹாலனேரோபியத்துக்குப் புளிப்பு ஆகாது. மாங்காயின் புளிப்பே காவல் என்று மகளிடம் சொல்லுங்கள். மீன் என்றால் கதை வேறு. ஸ்வீடனில் ஹெர்ரிங் மீனை உப்பில் நொதிக்கவைத்து, சுர்ஸ்ட்ரோமிங் என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். உள்ளே ஹாலனேரோபியம் வாயு விட்டு விட்டு டப்பாவே உப்பிப்போகும். நாற்றம் ஊரைத் தூக்கும், அதையும் விரும்பிச் சாப்பிட ஆள் இருக்கிறது. உங்கள் ஜாடியில் எப்போதாவது வெள்ளையாக ஆடை படர்ந்தால் அது இந்தக் கூட்டம் இல்லை; காற்று கேட்கிற ஈஸ்ட்டோ பூஞ்சையோ. அது வராமலிருக்க மாங்காய் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்க வேண்டும், ஈரக் கரண்டி போடக்கூடாது.