வாசகர் கேள்வி-பதில்: கணக்கில் கெட்டிக்காரி, அடுத்து என்ன?

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்படுகிறாள். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றச் சொல்கிறார்கள் உறவினர்கள். எந்த குரூப் எடுக்கலாம்?
- ஒரு தாய், தென்காசி

பதில்: தயவுசெய்து அவசரப்பட்டுப் பள்ளியை மாற்றிவிடாதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இந்த அரசுப் பள்ளிப் படிப்பு தகுதி தரும். இரண்டு வருடம் தனியாரில் பணம் கட்டிப் படிக்கவைத்து, கடைசியில் இரண்டையும் இழந்து நிற்பவர்கள் உண்டு.

கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் உள்ள குரூப் அவசியம். நான்காவது பாடம் கம்ப்யூட்டர் சயின்ஸா, உயிரியலா என்பது அடுத்தபடிதான். 'பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு' என்று கணிதமில்லாத குரூப்பில் சேர்த்துவிட்டால் பெரும்பாலான பி.இ. படிப்புகளுக்கு அன்றே கதவு சாத்தியாயிற்று.

கட்-ஆஃப் கணக்கையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கணித மதிப்பெண் அப்படியே 100-க்கு. மற்ற இரண்டும் பாதிப் பாதியாக 50-க்கு. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44 = 178. அதே மொத்தம்தான், ஆனால் கணிதம் 84, இயற்பியல் 92 என மாறினால் 174. கலந்தாய்வில் 4 மதிப்பெண் என்பது எத்தனையோ பேரைத் தாண்டும் இடைவெளி.

பிளஸ் ஒன் பாடத்தை மேலோட்டமாக முடித்துவிட்டு பிளஸ் டூ பாடத்துக்குத் தாவும் பழக்கம் ஆபத்தானது. வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் எல்லாம் தொடங்குவது பிளஸ் ஒன்னில். கல்லூரி முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுவதற்கு அதுவே பெரிய காரணம்.

கேள்வி: தமிழ் வழியில் படித்த பெண்ணால் கல்லூரியில் சமாளிக்க முடியுமா?
- ஒரு தந்தை, சிவகங்கை

பதில்: முடியும். 2022-ல் மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் முதல் பெண் தலைமை இயக்குநரான கலைச்செல்வி, அம்பாசமுத்திரத்தில் தமிழ் வழியில் படித்தவர். உங்கள் பக்கத்துக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் இயக்குநராக இருந்தவர். பாடம் புரிந்தவர்களுக்கும் முதல் சில மாதங்கள் சொற்களால்தான் தடுமாற்றம். ஆகவே பிளஸ் டூ விடுமுறையில் ஆங்கில வழிப் பாடநூலைத் தமிழ் நூலுக்குப் பக்கத்தில் விரித்து, அத்தியாயம் அத்தியாயமாக முடுக்கம் - ஆக்ஸிலரேஷன், மின்தடை - ரெசிஸ்டன்ஸ் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். படமும் சமன்பாடும் ஏற்கெனவே தெரிந்தவை என்பதால் வேகமாகப் போகும்.

கேள்வி: பிரகதி உதவித்தொகை யாருக்கு?
- கல்லூரி மாணவி, கரூர்

பதில்: ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பட்டம் அல்லது டிப்ளமோ முதலாண்டு சேரும் மாணவிகளுக்கு. லேட்டரல் என்ட்ரியில், அதாவது நேரடியாக இரண்டாமாண்டில் சேர்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் இனிஷியல் ஒரேமாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தால் மட்டும் போதாது. உதவித்தொகை வந்துசேர உங்கள் பெயரிலுள்ள கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டுள்ளதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.