டைனோசர் ஆராய்ச்சிதான் வேண்டும் என்கிறார் மகள்: முதல் பட்டமாக எதைப் படிக்கலாம்?

பள்ளி இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள் டைனோசர் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று உறுதியாக நிற்கிறார். அது பிழைப்புக்கு வழிசெய்யுமா என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். இரண்டு பேருக்கும் பொதுவான பதில் ஒன்று இருக்கிறது. டைனோசர் ஆராய்ச்சிக்கென்றே இருக்கும் வேலைகள் உலகம் முழுவதும் மிகக் குறைவு, அவற்றுக்குப் போட்டி அதிகம். ஆனால் அந்த ஆராய்ச்சிக்குத் தேவையான படிப்பு வேறு பல வேலைகளுக்கும் கதவைத் திறக்கும். அதனால் இப்போதைக்கு 'டைனோசரா, வேண்டாமா' என்று வீட்டில் வாதம் வேண்டாம். முதல் பட்டம் எது என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும்.

அதற்கு முன்பு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், இதில் தவறி வேறு வகுப்பில் போய் உட்காரும் மாணவர்கள் உண்டு. தொல்லியல் வேறு, தொல்லுயிரியல் வேறு. மனிதர் விட்டுச்சென்ற பானை, கட்டடம், கல்வெட்டு ஆகியவற்றைப் படிப்பது தொல்லியல். புதைபடிவங்களைக் கொண்டு பழங்கால உயிர்களைப் படிப்பது தொல்லுயிரியல், ஆங்கிலப் பெயரில் பேலியண்டாலஜி. டைனோசர் இருப்பது இரண்டாவதில். அதேபோல 'புவியியல்' என்ற சொல்லைத் தமிழில் ஜியாகிரபிக்கும் எழுதுகிறார்கள், ஜியாலஜிக்கும் எழுதுகிறார்கள். உங்கள் மகளுக்கு வேண்டியது பாறைகளைப் படிக்கும் ஜியாலஜி, அதாவது நிலவியல். விண்ணப்பத்தில் பாடத்தின் ஆங்கிலப் பெயரையும் பாடத்திட்டத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இளநிலையிலேயே தொல்லுயிரியல் என்ற பெயரில் பட்டம் தரும் இடங்கள் சில உண்டு. அவற்றைவிட நிலவியலோ விலங்கியலோ முதல் பட்டமாக இருப்பதே நல்லது. புதைபடிவம் எந்த அடுக்கில் கிடந்தது, அந்த அடுக்கு ஆற்றுப் படிவா கடல் படிவா, அதன் வயது என்ன என்பவை நிலவியல் கேள்விகள். அந்த விலங்கு எப்படி நடந்தது, எப்படி வளர்ந்தது, யாருக்கு உறவு என்பவை உயிரியல் கேள்விகள். எதைப் பட்டமாக எடுத்தாலும் மற்றதில் குறைந்தது இரண்டு மூன்று தாள்கள் கட்டாயம் வேண்டும். நிலவியல் படிப்பவர் ஒப்பீட்டு உடற்கூறும் பரிணாமமும் எடுக்க வேண்டும். விலங்கியல் படிப்பவர் படிவுப் பாறையியலும் (மணலும் சேறும் படிந்து உருவான பாறைகளைப் படிப்பது) அடுக்கியலும் (பாறை அடுக்குகளின் வரிசையையும் வயதையும் படிப்பது) எடுக்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியை விட்டவர்கள்தான் முதுநிலையில் திணறுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் இது விளங்கும். டைனோசர் எலும்பின் வயதைக் கார்பன் 14 (உயிர் இறந்த பிறகு சீராகச் சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன்) கொண்டு கணிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கார்பன் 14 சுமார் 50,000 ஆண்டுகள் வரைதான் உதவும். பறவைகள் நீங்கலாக டைனோசர்கள் மறைந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே எலும்பைத் தொடாமல், அது கிடந்த அடுக்குக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பலைத் தேடுகிறார்கள். அதிலுள்ள சிர்கான் படிகங்களில் யுரேனியம் எந்த அளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து இரண்டு வயதுகளைப் பெறுகிறார்கள். எலும்பின் வயது அந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. இதில் வேதியியல், இயற்பியல், நிலவியல் மூன்றும் வந்துவிடுகின்றன. 'எலும்புதானே, உயிரியல் போதும்' என்று கணிதத்தையும் வேதியியலையும் கைவிடுவது இந்தத் துறைக்கு வருபவர்கள் செய்யும் பெரிய தவறு.

இப்போது வருமானம். தொல்லுயிரியலில் தொழில்துறை காசு கொடுத்து வேலைக்கு வைத்தது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்காக: ஃபோராமினிஃபெரா, டயட்டம் என்ற நுண்பாசி, மகரந்தத் தூள், ஆஸ்ட்ரகோடு என்ற ஓடுள்ள சிறு நீருயிரி. ஃபோராமினிஃபெரா என்பது ஓடுள்ள ஒற்றைச் செல் உயிரி, பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது மேலே வரும் பாறைத்தூளில் இவை இருக்கும். எந்த இனம் இருக்கிறது என்று பார்த்து, துளைக்கருவி எந்தக் காலத்துப் பாறையில் நிற்கிறது என்று சொல்லலாம். கிணற்றுச் சுவரிலிருந்து மேலடுக்குத் தூள் உதிர்ந்து கீழ் மாதிரியோடு கலந்துவிடும். அதனால் ஓர் இனம் முதன்முதலில் தோன்றிய மட்டத்தை நம்ப முடியாது. கீழே போகப் போக அது முதலில் கண்ணில் படும் மட்டத்தை, அதாவது அந்த இனம் கடைசியாக வாழ்ந்த மட்டத்தைத்தான் நம்புவார்கள். இதே ஓடுகளில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களின்) விகிதத்திலிருந்து பழைய கடல்நீரின் வெப்பநிலையைக் கணிப்பதால், காலநிலை ஆய்வுக்கூடங்களுக்கும் இந்தத் திறமை வேண்டும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதை உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். களிப்பாறையில் 100 கிராம் எடுத்துக் காயவைத்து, தண்ணீரில் ஊறவைப்பார்கள். பாறை பிரியாவிட்டால் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் சேர்ப்பார்கள். அதிகமானாலோ நெடுநேரம் விட்டாலோ மெல்லிய ஓடுகள் அரித்துப் போகும். பிறகு 63 மைக்ரான் சல்லடையில் மென்மையான நீரோட்டத்தில் கழுவி, உலர்த்தி, கறுப்புத் தட்டில் தூவி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பொதுவாக மாதிரிக்கு 300 ஓடுகள். பெரிய ஆபத்து சல்லடையில்தான். முந்தைய மாதிரியின் ஓடுகள் கண்ணிகளில் சிக்கியிருந்து அடுத்ததில் விழுந்தால், இல்லாத உயிர் இருந்ததாகக் கணக்காகிவிடும். அதற்காக ஒவ்வொரு முறையும் சல்லடையை மெத்திலீன் நீலம் என்ற சாயத்தில் தோய்த்து எடுப்பார்கள். அடுத்த மாதிரியில் நீல நிற ஓடு தெரிந்தால் அது பழையது என்று ஒதுக்கிவிடலாம். இதைப் படிக்கும்போதே உங்கள் மகளின் முகம் மலர்ந்தால் அவர் இந்தத் துறைக்கு ஏற்றவர் என்று நம்பலாம்.

பெரிய எலும்பிலும் பொறுமைதான் முதல் தகுதி. எலும்பைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, காளான்போல் மண் பீடத்தின் மேல் நிற்கவிட்டு, முதலில் ஈரக் காகிதத்தால் மூடுவார்கள். அதன் மேல் பிளாஸ்டர் குழம்பில் தோய்த்த சாக்குத் துணிப் பட்டைகள். காகிதத்தை விட்டுவிட்டால் பிளாஸ்டர் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். பட்டை பீடத்தின் அடிவரை உள்வாங்கிச் சுற்றியிருக்காவிட்டால், திருப்பும்போது எலும்பு நழுவிக் கீழே கொட்டிவிடும். ஆய்வுக்கூடத்தில் விரிசலை ஒட்ட அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசினைப் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு: நாளை ஒருவர் அசிட்டோன் தடவி அதை மறுபடி கரைத்தெடுக்கலாம். எபாக்சி பசையில் அது முடியாது. களத்தில் போகும் நாட்கள் ஆண்டுக்குச் சில வாரங்கள்தான். மீதி நேரம் ஆய்வுக்கூடத்திலும் கணினி முன்னும் கழியும். 1990-இல் கண்டுபிடிக்கப்பட்ட 'சூ' என்ற டைரனோசரஸ் எலும்புக்கூடு 2000-இல்தான் சிகாகோ அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வந்தது. இடையில் உரிமை வழக்கு நடந்தது உண்மை. அது முடிந்த பிறகும் பாறையை அகற்றி எலும்பைச் சேர்த்து நிறுத்த ஒரு குழுவே ஆண்டுக்கணக்கில் உழைத்தது.

கணினித் திறமையை முதல் ஆண்டிலேயே தொடங்கச் சொல்லுங்கள். சி.டி. ஸ்கேன் படங்களிலிருந்து எலும்பை மட்டும் பிரித்தெடுத்து முப்பரிமாண உரு செய்வது, ஆர் என்ற நிரல்மொழியில் புள்ளியியல், வரைபடத்துக்கு ஜி.ஐ.எஸ். எனப்படும் புவித் தகவல் மென்பொருள். இந்த மூன்றுக்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. இவை மருத்துவப் பட ஆய்வு, நிலத்தடி நீர், சுரங்கம், சுற்றுச்சூழல் மதிப்பீடு என எங்கும் செல்லுபடியாகும். ஆய்வு இடம் கிடைக்காமல் போனாலும் கை வெறுமையாக நிற்காது.

காலக்கணக்கையும் மறைக்க வேண்டாம். இளநிலை மூன்று அல்லது நான்கு ஆண்டு, முதுநிலை இரண்டு, முனைவர் பட்டம் நான்கு முதல் ஆறு, அதன் பிறகு தற்காலிக ஆய்வுப் பணிகளில் சில ஆண்டுகள். நிரந்தர வேலை கிடைக்கும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். வழியிலேயே இறங்கும் இடங்களும் உண்டு. முதுநிலை முடித்து நிலவியலாளராகலாம். அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களைச் சுத்தம் செய்பவராகவோ சேகரிப்பைப் பராமரிப்பவராகவோ போகலாம். சில நாடுகளில் சாலைக்கும் கட்டடத்துக்கும் மண் வெட்டும் இடங்களில் புதைபடிவம் வெளிப்படுகிறதா என்று கண்காணிக்கவே ஆள் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் முதுகெலும்பி ஆய்வாளர்கள் பலர் மருத்துவக் கல்லூரிகளில் மனித உடற்கூறு கற்பித்தபடி டைனோசர் ஆய்வு செய்கிறார்கள். விலங்கியல் வழி வருபவருக்கு இது நல்ல பாதை.

ஆர்வம் நிலைக்குமா என்ற சந்தேகம் இருந்தால், இந்த விடுமுறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பறவைகள் டைனோசர் வம்சம் என்பதால் ஒரு முழுக் கோழியின் எலும்புகள் போதும். குறைந்த சூட்டில் நீரில் வேகவைத்துச் சதையைக் கழற்றட்டும். கொதிக்கவிட்டால் எலும்பு நொய்ந்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் சில நாள் ஊறவைத்து எண்ணெயை எடுக்கட்டும், பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கட்டும். பிளீச் வேண்டாம், எலும்பையே தின்றுவிடும். சுத்தமானதும் ஒவ்வோர் எலும்பையும் அளவோடு வரைந்து, பெயரிட்டு, இடம் வலம் பிரித்து, எலும்புக்கூடாகச் சேர்க்கட்டும். மார்புக்கு முன்னால் இருக்கும் வி வடிவக் கவட்டெலும்பு டைரனோசரஸிலும் இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதே தனி அனுபவம். விரல் எலும்புகளைப் பிரிக்கும்போது கட்டாயம் குழம்பும். மூன்றாம் வாரமும் அவர் அதோடு உட்கார்ந்திருந்தால் நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள்: மூன்று ஆண்டில் எத்தனை நாள் களப்பயணம், ஒரு நுண்ணோக்கிக்கு எத்தனை மாணவர், புதைபடிவ ஆய்வக வகுப்பு நடக்கிறதா பெயருக்கு இருக்கிறதா, கடந்த ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

புதைபடிவத்தை விலைக்கு வாங்கித் தரவோ அனுமதியின்றித் தோண்டி எடுக்கவோ வேண்டாம். பிரேசில், மங்கோலியா, சீனா போன்ற நாடுகளில் அவை அரசின் சொத்து. பிரேசிலில் கிடைத்த உபிரஜாரா என்ற டைனோசர் பற்றி 2020-இல் வந்த கட்டுரை, அது முறையாக வெளியேறவில்லை என்ற எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. புதைபடிவம் 2023-இல் பிரேசிலுக்கே திரும்பியது. எடுத்த இடமும் அடுக்கும் எழுதி வைக்காத எலும்பால் அறிவியலுக்குப் பெரும்பாலும் பயனில்லை என்பதையும் இப்போதே சொல்லிவையுங்கள்.

பணம் பற்றி ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். இளநிலைக்கும் முதுநிலைக்கும் முடிந்ததைச் செலவிடலாம். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் சேரட்டும். கிடைக்காவிட்டால் கடன் வாங்கிச் சேர்க்காமல், முதுநிலைத் தகுதியில் ஒரு வேலையில் இருந்துகொண்டு அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கட்டும். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பேராசிரியரின் கட்டுரைகள் இரண்டையாவது படித்து, அதிலிருந்து ஒரே ஒரு குறிப்பான கேள்வியோடு மின்னஞ்சல் எழுதட்டும். 'சிறு வயதிலிருந்தே டைனோசர் பிடிக்கும்' என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்கு நிறைய வருகின்றன.