விசிட்டிங் கார்டு ஆர்டர்: எத்தனை போடுவது? கேள்வி பதில்

ஆன்லைனில் விசிட்டிங் கார்டு ஆர்டர் போடுவது பற்றி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கீழக்கரை, டிராவல்ஸ்: அண்ணே, ஆபீஸ்ல அஞ்சு பேரு. ஆளுக்கு 200 கார்டு வேணும். குவான்டிட்டியில 1000 போட்டு அஞ்சு ஃபைலையும் ஏத்திட்டா போதுமா?

போதாது தம்பி. அதிகம் பேர் தப்பு விடுவது இங்கேதான். அந்தக் கட்டத்தில் போடும் எண் பொதுவாக ஒரு டிசைனுக்கு உரியது. பெயரோ செல் நம்பரோ மாறினால் அச்சுக்கு அது வேறு டிசைன். 1000 என்று போட்டால் முதல் ஃபைலை மட்டுமே 1000 அடித்துவிட வாய்ப்புண்டு. ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக 200 என்று ஆர்டர் கூடையில் (கார்ட்) சேருங்கள். 'எத்தனை டிசைன்' என்று தனியாகக் கேட்டால் அங்கே 5, எண்ணிக்கையில் 200.

கட்டுக் கணக்கில் விற்கும் தளமும் உண்டு. 100 கார்டு ஒரு கட்டு என்றிருக்கும் இடத்தில் 200 என்று தட்டினால் 20,000 கார்டு! பணம் கட்டுமுன் மொத்தத் தொகையை உங்களுக்கு வேண்டிய கார்டு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு கார்டின் விலை ஏறுக்குமாறாக வந்தால் எண்ணில் கோளாறு.

பெயர்ப் பட்டியலை எக்செல்லில் அனுப்பினால் நம்பர் இருக்கும் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 04567 என்பது 4567 ஆகிவிடும். ஐந்து ப்ரூஃபையும் (அச்சுக்கு முன் காட்டும் மாதிரி) அந்தந்த ஆளே பார்த்து, நம்பரைத் தன் செல்லில் அடித்துப் பார்த்த பிறகு ஓகே கொடுக்கட்டும்.

மண்டபம், கருவாட்டுக் கடை: 500க்கும் 1000க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, 1000மே வாங்கிடலாமா?

ஆஃப்செட்டில், அதாவது பிளேட் செய்து மெஷினில் அடிக்கும் முறையில், நாலு கலருக்கு நாலு பிளேட், மெஷின் செட்டிங். 100 அடித்தாலும் 1000 அடித்தாலும் அந்தச் செலவு மாறாது. கணக்குக்காக அதை 600 ரூபாய் என்றும், தாள், மை போன்ற மற்றச் செலவு கார்டுக்கு 50 காசு என்றும் வையுங்கள். 500 அடித்தால் ஒன்று 1.70 ரூபாய், 1000 அடித்தால் 1.10. நம்பரும் விலாசமும் நிலையாக இருந்து ஒரு வருஷத்துக்குள் தீருமென்றால் 1000 நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் வியாபாரம் குறையுமானால் அந்த இரண்டு மாதத்தைக் கழித்துக் கணக்குப் போடுங்கள்.

அதிகம் வாங்கி வைக்கிறவர்கள் கடல் காற்றையும் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்ட கார்டில் மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும். கார்டு லேமினேஷன் பக்கமாகச் சுருண்டுகொள்ளும். இரண்டு பக்கமும் போடச் சொல்லி, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ரப்பர் பேண்டு வேண்டாம், ஓரம் மடங்கித் தடம் விழும்.

ராமேஸ்வரம், லாட்ஜ்: மேனேஜர் அடிக்கடி மாறுறார் சார். 100 மட்டும் அடிக்கலாமா?

டிஜிட்டலில் அடியுங்கள், பிளேட் செலவு இல்லை. 13க்கு 19 அங்குலத் தாளில், கார்டைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீடு (வெட்டி எறியும் கூடுதல் ஓரம்) விட்டு, 3.5க்கு 2 அங்குலக் கார்டு 24 வைக்கிறார்கள் என்று வையுங்கள். 100 கேட்டால் ஐந்தாவது தாளில் நாலு கார்டுதான். பக்கத்து ஊர்க் கடையில் கொடுப்பதானால் 96 அல்லது 120க்கு விலை கேளுங்கள். இன்னொரு வழி: லாட்ஜ் பெயரும் ரிசப்ஷன் நம்பரும் மட்டும் போட்டு 1000 ஆஃப்செட்டில், மேனேஜருக்கு மட்டும் 96 டிஜிட்டலில்.

தொண்டி, ஹார்டுவேர்ஸ்: பெட்டியில 1000 இருக்கான்னு எண்ணாம எப்படிப் பார்க்கிறது?

தராசில் போடுங்கள். 100 கார்டை எண்ணி, கிராம் காட்டும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மொத்தத்தையும் பெட்டி இல்லாமல் நிறுங்கள். பத்து மடங்கு வர வேண்டும். லேமினேஷன் இல்லாத 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கார்டு, 3.5க்கு 2 அளவில், 1000க்குச் சுமார் 1 கிலோ 360 கிராம். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், குறைந்தால் காட்ட ஆகும்.

சாயல்குடி, கருப்பட்டி மொத்த வியாபாரம்: மறுபடி ஆர்டர் போட்டா கலர் மாறி வருதே?

பல பேருடைய கார்டுகளை ஒரே தாளில் சேர்த்து அடிக்கும்போது மை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடக்குறைய விழும். கருப்பட்டி நிறம் போன்ற அடர் பழுப்பு சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். ஒரே மாதிரி வேண்டுமென்றால் வருஷத்துக்குத் தேவையானதை ஒரே ஆர்டரில் அடியுங்கள். மறு ஆர்டரில் பழைய கார்டு ஒன்றைத் தபாலில் அனுப்பி, கலர் ஒப்பிட்டு அடிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கலர் சரியாகத் தெரியாது.